‘ஆய்வில் நிரூபணம்’ என்றால், எதை அளந்தார்கள்?

"இந்தப் பொடியை நாற்பது நாள் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும், ஆய்வில் நிரூபணமாகிவிட்டது." இப்படிப்பட்ட செய்திகள் தினமும் நம் செல்பேசிக்கு வருகின்றன. அனுப்புபவர் நம் மாமாவாகவோ சாச்சாவாகவோ இருப்பார், நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால், அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது நம் வீட்டு உம்மாவாக இருக்கலாம். ஆகவே, மருத்துவ ஆய்வில் யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள், எதை அளக்கிறார்கள் என்பதை நாம் ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றாலே சானட்டோரியம்தான். தாம்பரம் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது இன்றும் இருக்கிறது. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ குறைவு. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதாதா? இதை அறிய 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின.

நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வீட்டில், மறு பிரிவு சானட்டோரியத்தில். இரு பிரிவுக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற முறைதான் முடிவு செய்தது. மருத்துவரிடம் விட்டிருந்தால், நோய் முற்றியவர்களை இரக்கப்பட்டு சானட்டோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு முடிவில் தெரியும் வித்தியாசம் இடத்தால் வந்ததா, நோயின் கடுமையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து, எதை அளந்தார்கள் என்பது. சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டிலிருந்தவர்கள் பெரும்பாலும் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். எதிர்பார்த்தபடி சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கே உடல் எடை அதிகம் கூடியது. எடையை மட்டும் பார்த்திருந்தால் வீட்டு சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதியிருப்பார்கள். ஆனால், அவர்கள் சளியில் கிருமி இருக்கிறதா என்பதையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானட்டோரியத்தில் 92 சதவீதம். ஐந்தாண்டுகள் கண்காணித்தபோது இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமே என்ற பயம் யாருக்கும் வரும். அதையும் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தினரையும் பல ஆண்டுகள் பரிசோதித்து, வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று கண்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட நோயாளிகளைப் பற்றிய முடிவு இது என்பதை மறக்கக் கூடாது.

தவறான ஒன்றை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு தாறுமாறானால் மரண ஆபத்து அதிகம். எனவே, துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளைப் பலருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். ஈசிஜியில் துடிப்பு சீராகவே தெரிந்தது. பிறகு ஓர் ஆய்வில் துடிப்பை விட்டு மரணங்களை எண்ணினார்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு மாத்திரை பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள்; வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்தான். 1989-ல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்தினார்கள். வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாதிருந்தால் அந்த 63 மரணங்களையும் மாரடைப்பின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

எதை அளக்கப் போகிறோம் என்று ஆய்வைத் தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது இப்போது விதி. முடிவு வந்தபின், சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காட்டுவதைத் தடுக்கத்தான் இது. இந்தியாவில் 2007 முதல் இதற்கான பதிவேடு இணையத்தில் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பொடியை விற்பவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது அதன் பதிவு எண்ணைத்தான்.