மருந்துப் பரிசோதனையும் கண்காணிப்பின் சமூக அடிப்படையும்

விஞ்ஞானம் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. அதன் முடிவுகள் அத்தகையனவாகலாம். ஆயின் எவருடைய உடலில் மருந்து சோதிக்கப்படுகின்றது, அவ்வுடலுக்கு நேரும் தீங்கை எவர் கணக்கிடுகின்றனர் என்னும் வினாக்கள் சமூகவுறவுகளைச் சார்ந்தவையே.

1947இல் நூரம்பேர்க் தீர்ப்பு, சோதனைக்குட்படுவோரின் சுயவிருப்பமான சம்மதத்தை முதல் நெறியாக்கிற்று. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் தோன்றியது. எனினும் அமெரிக்காவின் டஸ்கீகியில் ஏழைக் கறுப்பின மக்களுக்குச் சிகிச்சையை மறுத்து 1932இல் தொடங்கிய ஆய்வு 1972 வரை நீடித்தது. ஆய்வாளரின் மனச்சாட்சி ஒன்றே காப்பாகாதென்பது இதனாற் புலனாயிற்று. 1975இல் திருத்தப்பட்ட பிரகடனம் சுயாதீனக் குழுவின் பரிசீலனையை வேண்டிற்று.

ஏட்டு நெறிக்கும் நடைமுறைக்குமிடையேயுள்ள முரண்பாட்டை 2009ஆம் ஆண்டு நிகழ்வொன்று துலக்குகின்றது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுவரையான சிறுமியர் ஏறத்தாழ 24,000 பேருக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்பட்டது. 'பாத்' என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் இதில் ஈடுபட்டன. கம்மத்திற் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியர். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே பல சம்மதப் படிவங்களில் ஒப்பமிட்டனர். ஏழு சிறுமியர் இறந்தமை வெளிவந்ததையடுத்து, 2010 ஏப்ரலில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது.

அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைகள் கருதின. இவ்வகைத் தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலை மாணவியருக்கும் வழங்கப்பட்டு வருகின்றது. எனவே மருந்தின் தன்மை ஈண்டு நமது வினாவன்று. மரணம் நேர்ந்தபோது, திட்டத்தை நடத்தியவரைச் சாராத எவர் அதனை உடனுக்குடன் ஆராய்ந்தனர் என்பதே வினாவாகும். 2013 ஆகத்தில் இந்திய நாடாளுமன்ற நிலைக்குழு தனது அறிக்கையில் இக்குறையைக் கடுமையாகச் சாடியது. நடத்தியோர் இதனைப் 'பரிசோதனை' என்னாது, 'செயல்விளக்கத் திட்டம்' என்றே வழங்கினர். பெயர் மாறவே, பரிசோதனைக்குரிய பாதுகாப்புக் கடமைகளும் நழுவின. சொல்லும் ஓர் அதிகாரக் கருவியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டிலேயே இந்தியாவில் அறநெறிக் குழுக்களின் பதிவும் இழப்பீடும் சட்டவிதிகளாயின. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்துப் பரிசோதனைகளை அனுமதிக்கு உட்படுத்திற்று. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் சட்டம் தலைநகரில் இயற்றப்படுவது. ஊசி ஏற்றப்படுவதோ கம்மத்து விடுதியிலும், திருகோணமலைக்கு வடக்கே சல்லி போன்ற மீனவர் கிராமங்களிலும். அங்குள்ள தாயொருத்தி தன் மொழியில் வினவவும், மறுக்கவும், முறையிடவும் இயலுமாயின் மட்டுமே கண்காணிப்பு சுயாதீனமுடையதாகும். மேலிருந்து மாத்திரம் நோக்கும் கண், தீங்கைப் பெரும்பாலும் காலங்கடந்தே காணும் என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.