நரம்பு முன்னோடி செல்கள் உருவாதல்

நியூரான்களையும் அவற்றைத் தாங்கும் கிளியா செல்களையும் பிறப்பிக்கும் இடைநிலைச் செல்களே நரம்பு முன்னோடி செல்கள். கருவில் இயல்பாகத் தோன்றும் இவற்றை ஆய்வகத்தில், உடலின் எவ்வகைச் செல்லாகவும் மாறவல்ல கருநிலை ஸ்டெம் செல்களிலிருந்தும் வளர்க்கலாம்.

மூலச் செல்கள்

மனிதரில் கருவுற்ற ஐந்தாறு நாளில் உருவாகும் கருக்கோளத்தின் உட்திரளிலிருந்து கருநிலை ஸ்டெம் செல்கள் எடுக்கப்படுகின்றன. எலியில் இவை 1981-இலும் மனிதரில் 1998-இலும் பிரித்தெடுக்கப்பட்டன. மனிதச் செல்களை அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதலில் பிரித்தவர் ஜேம்ஸ் தாம்சன். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு, செயற்கைக் கருத்தரிப்பில் ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து பிஜேஎன்ஹெம்19, பிஜேஎன்ஹெம்20 ஆகிய செல்வரிசைகளை உருவாக்கி 2009-இல் வெளியிட்டது.

மாற்றம் நிகழும் விதம்

கருவின் புறப்படையிலிருந்தே தோலும் நரம்பு மண்டலமும் வருகின்றன. பிஎம்பி என்ற புரதச் சைகை அப்படையைத் தோலாக்குகிறது. அச்சைகை தடுக்கப்படும் இடத்தில், பின்னர் நரம்புக்குழாயாக மாறும் நரம்புத்தகடு உருவாகிறது. ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மங்கோல்டும் நியூட் என்ற ஈரிடவாழ்வியின் கருவில் ஒரு சிறு பகுதியை வேறொரு கருவில் ஒட்டி, அங்கு இரண்டாவது நரம்பு அச்சு தோன்றுவதை 1924-இல் காட்டினர். அப்பகுதி சுரக்கும் தடுப்புப் புரதங்களில் ஒன்றான நாகின் 1992-இல் கண்டறியப்பட்டது.

ஆய்வகமும் இவ்வழியையே பின்பற்றுகிறது. பிஎம்பி சைகையையும், அதன் உறவான ஆக்டிவின் சைகையையும் ஒருசேரத் தடுக்கும் முறையை ஸ்டூவர்ட் சேம்பர்ஸ், லோரன்ஸ் ஸ்டூடர் குழுவினர் 2009-இல் வெளியிட்டனர். பத்துப் பன்னிரண்டு நாளில் ஸ்டெம் செல் நிலையைக் காக்கும் ஆக்ட்4, நானாக் மரபணுக்கள் அடங்குகின்றன, நரம்பு முன்னோடிக்குரிய பாக்ஸ்6 விழிக்கிறது. செல்கள் நரம்புக்குழாயின் குறுக்குவெட்டை ஒத்த ரோசாப்பூ வட்டங்களாக அமைகின்றன.

அடுத்து வரும் சைகைகள், செல் நரம்பு மண்டலத்தின் எப்பகுதிக்குரியதாக வளரும் என்பதை முடிவு செய்கின்றன. ரெட்டினாயிக் அமிலம் செல்லைப் பின்மூளை, தண்டுவடப் பக்கம் திருப்புகிறது; சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் வயிற்றுப்புற வகையாக்குகிறது.

பயனும் எல்லையும்

பார்க்கின்சன் நோயில் அழியும் டோபமைன் நியூரான்களுக்கு ஈடாக, கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த முன்னோடிகளை 12 நோயாளிகளின் மூளையில் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. அச்சோதனையின் முதன்மை நோக்கம் பாதுகாப்பை அறிவதே. மாறாமல் எஞ்சும் ஒருசில ஸ்டெம் செல்களும் கட்டியாக வளரக்கூடும் என்பதால் தூய்மைச் சோதனை இன்றியமையாதது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017 வழிகாட்டுதல், நரம்பு நோய்களுக்கு ஸ்டெம் செல் தருவதை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே ஏற்கிறது. சோதனையில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக் கட்டணம் கேட்கக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு ஊசி போட முன்வருபவரை நோயாளியின் குடும்பத்தார் நம்பக் கூடாது.