படிக்கட்டில் ஒரு குரல்



ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். மூத்தவனுக்குச் செருப்பில் ஒன்றைக் காணோம். அடுத்தவள் பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு, மறுபடி பின்னச் சொல்லி நிற்கிறாள். கடைசிப் பிள்ளை புதுச்சட்டையோடு மாட்டுத் தொட்டியில் கைவிட்டு அளைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டு, "இன்னும் ஆகலையா?" என்கிறார்.

ஒருவழியாகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தால் முதல் வாசகம் முடிந்திருக்கிறது. காணிக்கை நேரத்தில் பிள்ளையின் கையிலிருந்த நாணயம் நழுவி, உருண்டு, பீடத்துப் படிவரை போய் விழுகிறது. எழுந்தேற்ற நேரத்தில், கோயிலே மூச்சடங்கி இருக்கும்போது, கடைசிப் பிள்ளை உரக்கக் கேட்கிறது: "யம்மா, சாமி மட்டும் குடிக்கிறாரே, நமக்கு இல்லியா?" முன் வரிசையில் நாலு முகங்கள் திரும்புகின்றன. அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.

இப்படி வெளியே போன ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "சாமி, நிம்மதியா ஒரு ஜெபமாலை சொல்லி எத்தனை வருசமாச்சு! எனக்கெல்லாம் எங்க மோட்சம்?"

அவளுக்குரிய பதில் வரலாற்றில் இருக்கிறது. நம் வில்லியனூரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பிரான்சிலுள்ள லூர்து நகரில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமிக்கு அன்னை மரியா 18 முறை காட்சி கொடுத்தார். அந்தச் செய்தி கடல் கடந்து வந்தது. 1876இல் வில்லியனூரில் லூர்து மாதாவுக்கு ஆலயம் எழும்பத் தொடங்கியது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மாதா சுரூபம் 1877இல் அங்கே நிறுவப்பட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வில்லியனூர்த் தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு லூர்து மாதாவைத் தேடி வரத் தொடங்கிய அதே 1877இல், பிரான்சிலும் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு லூர்து மாதாவைத் தேடிப் புறப்பட்டாள். அவள் பெயர் செலி மார்ட்டின்.

செலி அலான்சோன் என்னும் ஊரைச் சேர்ந்தவர். கடிகாரம் செய்யும் லூயி மார்ட்டினை 1858 ஜூலை 13 அன்று மணந்தார். லூர்தில் அன்னையின் கடைசிக் காட்சிக்கு அப்போது மூன்றே நாள் இருந்தது. அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். செலிக்கு வீட்டு வேலை மட்டுமல்ல, தொழிலும் உண்டு. அலான்சோன் நகரின் புகழ்பெற்ற நூல்பின்னல் சரிகையைப் பெண்களிடம் கொடுத்துச் செய்வித்தார். அவர்கள் வியாழக்கிழமைதோறும் கொண்டுவரும் துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியாதபடி இணைப்பது செலியின் வேலை. இந்தப் பின்னல்தான் தன் உயிரை வாங்குகிறது என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டும் இருக்கிறார். விடியுமுன் திருப்பலி, பிறகு அடுப்பு, பிள்ளைகள், கணக்கு, ஊசி. இரவு வெகுநேரம் கழித்தே படுக்கை.

அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. பெரிய தியான நூலாக இருக்கும் என்று எடுத்தால், உள்ளே நம் வீடுகள்தான் இருக்கின்றன. பல் முளைப்பது, காய்ச்சல், வேலைக்காரியின் கோபம், சொல்பேச்சுக் கேட்காத லெயோனி. கடைக்குட்டி தெரேசாள் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் "அம்மா!" என்று கூப்பிடுமாம். கீழேயிருந்து ஒவ்வொரு தடவையும் "என்ன கண்ணு" என்று பதில் போகவேண்டும். ஒரு தடவை தவறினாலும் குழந்தை அந்தப் படியிலேயே நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. இன்னொரு நாள் அது அம்மாவைக் கட்டிக்கொண்டு, நீ செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றது. ஏனென்று கேட்டால், அம்மா மோட்சம் போகவேண்டுமாம், செத்தால்தானே போகமுடியும்! செலி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தார்.

சிரித்தவர் அழாதவர் அல்லர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர் அவர். பிறகு அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. 1877 ஜூன் மாதம் மரீ, போலீன், லெயோனி ஆகிய மூன்று மகள்களை அழைத்துக்கொண்டு லூர்துக்கு ரயில் ஏறினார். அந்தப் பயணத்தில் எதுவும் சரியாக நடக்கவில்லை. காபி கொட்டிச் சாமான் வீணாயிற்று. ஜெபமாலை தொலைந்தது. மாதா தண்ணீர் பிடித்த பாத்திரம் ஒழுகியது. நான்கு முறை குளத்தில் இறங்கியும் நோய் நீங்கவில்லை. ஆனாலும் கேட்ட வரம் கிடைத்தவரைப் போல முகமலர்ச்சியோடு திரும்பி வந்த மனைவியைப் பார்த்து லூயி வியந்துபோனார். ஆகஸ்டு 28 அன்று செலி இறந்தார். அவருக்கு வயது 45. தெரேசாளுக்கு நாலரை.

2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், செலியையும் லூயியையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணவனும் மனைவியும் சேர்ந்து புனிதராக அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் புதுமை செய்ததாக எந்தக் கதையும் இல்லை. வீட்டையும் தொழிலையும் கடவுள் கையில் வைத்து நடத்தினார்கள், அவ்வளவுதான்.

கணவன்மாரே, இதில் உங்களுக்கும் ஒரு சேதி உண்டு. மனைவியின் வேலைப் பளுவைப் பார்த்த லூயி, 1870இல் தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு, அவருடைய தொழிலுக்குத் தோள் கொடுத்தார். வாசலில் நின்று வண்டியை முறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த ஒற்றைச் செருப்பை நீங்கள் தேடுங்கள்.

முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களே, பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பிப் பாருங்கள், பார்த்துவிட்டுக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாய் ஐந்து நிமிடமாவது முழங்காலில் இருக்கட்டும்.

தாய்மாரே, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தேடியிருக்கிறீர்களா? வெட்கப்படவேண்டாம். நம் மாதாவே எருசலேம் திருவிழாவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடியவர். வில்லியனூரில் நீங்கள் யார் முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிறீர்களோ, அவருக்கு உங்கள் பதற்றம் நன்றாகத் தெரியும்.

படிக்கட்டில் நின்று கூப்பிட்ட அந்தக் குழந்தை பின்னர் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தது. சிறுமலர் புனித தெரேசாள் என்று நாம் அழைப்பது அவரைத்தான். 1997இல் திருஅவையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். கடவுளைக் குழந்தைபோல் நம்பிக் கூப்பிடலாம் என்று உலகுக்குக் கற்றுத்தந்தவர் அவர். கூப்பிட்டால் பதில் வரும் என்பதை முதலில் அவருக்குக் காட்டியது, கையில் ஊசியோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு தாயின் குரல்.

ஆகவே அம்மா, அடுப்படியிலிருந்து நீ ஒரு நாளைக்கு நூறு தடவை "இதோ வரேன்டா" என்று சொல்கிறாயே, அதை ஆண்டவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஜெபமாலைக்கு மணி ஐம்பத்து மூன்றுதான். உன் கணக்கு அதைத் தாண்டிவிட்டது.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.