பார்க்கின்சன் நோய் மருந்துகளும் நோயெதிர்ப்பு மண்டலமும்

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் வழக்கமான மருந்துகள் ஸ்டீராய்டுகளைப் போல நோயெதிர்ப்பு ஆற்றலை ஒடுக்குபவை அல்ல. எனினும் இவற்றுள் பல, மூளையில் குறைந்துபோன டோபமைன் எனும் வேதிப்பொருளை ஈடுசெய்பவை. டோபமைனோ நோயெதிர்ப்புச் செல்களிலும் வினைபுரியும் பொருள். இவற்றோடு சேர்த்துத் தரப்படும் சில மருந்துகளுக்கு இரத்த அணுக்களைப் பாதிக்கும் தனி விளைவுகளும் உண்டு.

டோபமைனும் வெள்ளணுக்களும்

நோயாளிகளின் நடுமூளையில், டோபமைன் செல்கள் அழியும் பகுதியில், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா தூண்டப்பட்டிருப்பதை 1988இல் பாட்ரிக் மெக்கீர் குழுவினர் காட்டினர். இந்நோயில் மூளைச் செல்களில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் புரதத்தின் துணுக்குகளை இனங்காணும் டி செல்கள் எனும் வெள்ளணுக்கள் நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பது 2017இல் தெரியவந்தது. டி செல்களில் டோபமைன் ஏற்பிகள் உள்ளன. எந்த ஏற்பி தூண்டப்படுகிறது என்பதைப் பொறுத்து அழற்சி கூடவும் குறையவும் கூடும். நோயே நோயெதிர்ப்பை மாற்றுவதால், மருந்தின் பங்கைப் பிரித்தறிவது எளிதன்று.

தனித்தனி மருந்துகள்

லெவோடோபா: மூளையில் டோபமைனாக மாறும் மருந்து. மிக அரிதாக, சிவப்பணுக்களுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள்களை உண்டாக்கி இரத்தச்சோகை ஏற்படலாம். கூம்ப்ஸ் சோதனை எனும் இரத்தப் பரிசோதனை இந்த எதிர்ப்பொருள்களைக் காட்டும்.

அமன்டடின்: 1966இல் அமெரிக்காவில் இன்ஃபுளுயன்சா ஏ தடுப்புக்காக ஒப்புதல் பெற்ற மருந்து. 1968இல் ஃபுளூ வராமலிருக்க இதை உட்கொண்ட பார்க்கின்சன் நோயாளி ஒருவர், தமது விறைப்பும் நடுக்கமும் குறைந்ததாக மருத்துவரிடம் கூறினார். ராபர்ட் ஷ்வாப் குழுவினர் இதைப் பலரிடம் சோதித்து 1969இல் வெளியிட்டனர். அமன்டடின் வைரஸின் எம்2 புரதத்தைத் தடுக்கிறது; நோயெதிர்ப்பைத் தூண்டுவதில்லை. இன்றைய ஃபுளூ வைரஸ்கள் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆயினும் மூக்கில் தெளிக்கும் உயிருள்ள ஃபுளூ தடுப்பு மருந்தின் பலனை இது குறைக்கலாம். ஊசி வழித் தடுப்பூசிக்கு அத்தடை இல்லை.

குளோசபின்: நோயின் போக்கில் வரும் மாயக்காட்சிகளுக்குக் குறைந்த அளவில் தரப்படுகிறது. சிலருக்கு வெள்ளணுக்களில் ஒருவகையான நியூட்ரோஃபில்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975இல் ஃபின்லாந்தில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தபின் பல நாடுகளில் இதன் பயன்பாடு நின்றது. பின்னர் இரத்தப் பரிசோதனைக் கட்டுப்பாட்டுடன் திரும்பியது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும் வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். இதை உட்கொள்பவருக்குத் தொண்டைவலியோ காய்ச்சலோ வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

காய்ச்சலும் மருந்து நிறுத்தமும்

தொற்று வந்தால் நடுக்கம், விறைப்பு, குழப்பம் ஆகியவை திடீரென மிகுவதுண்டு. இதை நோய் முற்றியதாகவோ மருந்தின் தீங்காகவோ எண்ணிக் குடும்பத்தினர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. லெவோடோபாவைச் சட்டென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றோடு உயிருக்கு ஆபத்தான நிலை உருவாகலாம். தொற்றுக் காய்ச்சல் என்று இதைத் தவறாகக் கருதவும் வாய்ப்புண்டு. காய்ச்சலோடு வரும் பார்க்கின்சன் நோயாளியிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியவற்றுள் ஒன்று, மாத்திரை வேளைதவறாமல் உட்கொள்ளப்பட்டதா என்பது.