காவலரைத் தேர்ந்த கதை

போலீஸ் உத்தியோகத்தை நாடும் இளைஞன் எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு சிறப்பாகத் தேறியிருந்தாலும், ஒரு நாள் அளவு நாடாவின் முன் நின்றே ஆக வேண்டும். இந்தியப் போலீஸ் பணிக்கு, ஆண்களாயின் 165 சென்டிமீட்டர் உயரமும் 84 சென்டிமீட்டர் மார்பளவும் இருத்தல் வேண்டும்; மூச்சை உள்ளிழுக்கும்போது அம்மார்பு மேலும் 5 சென்டிமீட்டர் விரிதல் வேண்டும். பெண்களுக்கு உயரம் 150 சென்டிமீட்டர். சில வகுப்பினர்க்கு இவ்வளவில் சலுகை உண்டு. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்களை நாட்டின் எந்த மூலையிலும் காணலாம். ஆனால் இந்நாட்டில் காவலரைத் தேர்ந்தெடுக்கும் முறை எவ்வாறு உருவாயிற்று, அதன் வாயிலில் யார் யார் நிறுத்தப்பட்டனர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பழங்காலத்தில் ஊர்க்காவல் ஒரு குலவுரிமையாக இருந்தது. தலையாரியின் மகன் தலையாரியானான். விண்ணப்பமும் இல்லை, தேர்வும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் 1793ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி ஜமீன்தார்களிடமிருந்து காவல் பொறுப்பை எடுத்துத் தாரோகா என்னும் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு தாரோகாவுக்கும் ஏறக்குறைய 400 சதுர மைல் பரப்புள்ள ஒரு தாணா. ஜில்லா மாஜிஸ்திரேட்டு விரும்பியவரே தாரோகா ஆனார். சம்பளம் சொற்பம். களவுபோன பொருள் மீண்டு, திருடனுக்குத் தண்டனையும் கிடைத்தால், அப்பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு தாரோகாவுக்குச் சன்மானம். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் திருடர்கள் பிடிபட்டார்களோ இல்லையோ, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பெருகியிருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்தின் நிலை வேறு வகையானது. இங்கு வரி தண்டும் சிப்பந்தியே போலீஸாகவும் இருந்தான். வரி கொடாத குடியானவனை வெயிலில் குனிய வைத்துக் கல்லேற்றிய கொடுமைகள் பார்லிமெண்டு வரை எட்டவே, சித்திரவதை பற்றி விசாரிக்க ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1855இல் அது தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்வறிக்கையின் பயனாக 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் பிறந்தது. வரி இலாகாவும் போலீஸ் இலாகாவும் பிரிந்தன. இரண்டே ஆண்டுகளில், 1861ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே வகையான போலீஸை வகுத்தது.

அந்தச் சட்டத்தைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். போலீஸில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனப் பத்திரம் ஒன்று அளிக்கப்பட வேண்டும் என்றும், அதன் வாசகம் இன்னது என்றும் அது கூறுகிறது. சேர்ந்தவன் இரண்டு மாத முன்னறிவிப்பின்றியோ மேலதிகாரியின் அனுமதியின்றியோ விலகலாகாது என்றும் கூறுகிறது. எப்படிப்பட்டவன் சேரலாம் என்பதை மட்டும் அது விதிகளுக்கு விட்டுவிட்டது. வெளியே போகும் வழியைச் சட்டமே காத்தது. உள்ளே வரும் வழி அதிகாரிகளின் கையில் இருந்தது.

இந்தப் போலீஸுக்கு முன்மாதிரி எது என்பதும் முக்கியமானது. 1829இல் ஸர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரில் நிறுவிய போலீஸில், கீழ்ப்படியில் சேர்ந்த காவலன் படிப்படியாக உயர்ந்து பெரிய பதவிக்கு வரலாம். ஆயினும் 1843இல் சிந்து நாட்டைக் கைப்பற்றிய ஸர் சார்லஸ் நேப்பியர் அங்கே போலீஸ் அமைத்தபோது லண்டனைப் பின்பற்றவில்லை, அயர்லாந்தைப் பின்பற்றினார். அயர்லாந்துப் போலீஸ் ஆயுதம் தாங்கியது; படைவீட்டில் தங்கியது; அதன் அதிகாரிகள் வேறொரு வகுப்பிலிருந்து நேரே மேல்படியில் அமர்த்தப்பட்டவர்கள். அடக்கி ஆள வேண்டிய நாட்டுக்கு அந்த முறையே பொருந்தும் என்று கருதினார்கள் போலும். ஆகவே இந்தியப் போலீஸுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வாயில்கள் அமைந்தன. கீழ்வாயிலில் தேகக்கட்டுள்ளவன் நுழைந்தான். மேல்வாயிலில் ராணுவ அதிகாரிகளும், செல்வாக்குள்ளவரின் சிபாரிசு பெற்ற ஆங்கில இளைஞர்களும் நுழைந்தார்கள்.

சிபாரிசுக்குப் பதிலாகப் பரீட்சை வந்த ஆண்டு 1893. அவ்வாண்டில் இங்கிலாந்தில் ஒரு போட்டிப் பரீட்சை நடத்தி, முதற் பத்து இடங்களைப் பெற்றவர்களை உதவிப் போலீஸ் சூப்பரின்டென்டெண்டுகளாக நியமித்தனர். பரீட்சை என்றால் யாவர்க்கும் பொது என்று நாம் நினைப்போம். இதுவோ ஐரோப்பிய வம்சத்தவர்க்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டது. கப்பற் செலவுக்குப் பணம் திரட்டி லண்டன் சென்ற இந்தியன் ஐ.ஸி.எஸ். பரீட்சையை எழுதலாம், பாரிஸ்டராகலாம். ஆனால் தன் சொந்த ஜில்லாவின் போலீஸ் அதிகாரியாவதற்கு அந்தப் பரீட்சை மண்டபத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி கிடையாது.

அந்தக் காலத்தில் இந்தியர்க்குத் திறந்திருந்த வாயிலில் எத்தகையவர்கள் வந்தனர் என்பதற்கு ஒருவரைச் சொன்னால் போதும். வங்காளப் போலீஸின் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றி, குற்றவாளிகளை அடையாளம் காணும் ஆராய்ச்சிக்குக் கணிதத்தில் வல்ல மாணவர் ஒருவர் வேண்டும் என்று கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியைக் கேட்டார். அப்படி வந்தவர் அஸீஸுல் ஹக். 1892இல் அவர் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்க்கப்பட்டார். பல்லாயிரம் கைரேகைத் தாள்களுள் ஒன்றை நொடியில் தேடி எடுப்பதற்கு, 32 வரிசையும் 32 நிரலும் கொண்ட 1024 அறைகளாக அவற்றைப் பிரித்தடுக்கும் கணக்கை அவர் கண்டார். ஹேமசந்திர போஸ் என்னும் மற்றொரு சப் இன்ஸ்பெக்டரும் இப்பணியில் உடனிருந்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. முறைக்கு ‘ஹென்றி முறை’ என்று பெயர் வழங்கிற்று. ஹென்றி 1903இல் லண்டன் மாநகரப் போலீஸின் கமிஷனரானார். ஹக்கின் பங்கினை ஹென்றியே பிற்காலத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மார்பளவு இக்கணக்கைக் கண்டுபிடித்திருக்கும்!

போலீஸின் குறைகள் மறைக்க முடியாத அளவுக்கு வளர்ந்தபின், கர்ஸன் பிரபு 1902இல் ஸர் ஆண்ட்ரூ பிரேஸர் தலைமையில் ஒரு கமிஷனை நியமித்தார். போலீஸ் திறமையற்றது, பயிற்சியற்றது, ஊழலும் கொடுமையும் மலிந்தது, மக்களின் நம்பிக்கையை இழந்தது என்று அக்கமிஷன் ஒளிவுமறைவின்றி எழுதியது. சர்க்கார் நியமித்த கமிஷன் சர்க்காரின் போலீஸைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுதியது அரிது. கான்ஸ்டபிளின் மாதச் சம்பளம் 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், படித்த இளைஞர்களை நேரே சப் இன்ஸ்பெக்டராக எடுத்துப் பயிற்சிப் பள்ளிகளில் பழக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்தியர்க்கென்று டிபுடி சூப்பரின்டென்டெண்டு என்ற பதவியையும் வகுத்தது.

இப்புதிய பதவி வரவேற்கத்தக்கதே. எனினும் அது ஒரு வேலியும் ஆயிற்று. இந்தியர்கள் இதுவரை வரலாம், இதற்கு அப்பால் உள்ள பெரும்பதவிக்கான பரீட்சை அவர்களுக்கு உரியதன்று என்பது அதன் உட்கருத்து. கமிஷனின் உறுப்பினராக இருந்த தர்பங்கா மகாராஜா ராமேசுவர சிங் இதற்கு உடன்படவில்லை. போலீஸ் உயர்பதவிக்கு ஒரே பரீட்சை இருக்கட்டும்; அதனை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்துங்கள்; நிறமும் பிறந்த நாடும் அதில் குறுக்கிட வேண்டாம் என்று அவர் தனியாகத் தம் கருத்தைப் பதிவு செய்தார். அவருடைய யோசனை நிராகரிக்கப்பட்டது. மகாராஜாக்கள் என்றால் வெள்ளையர்க்குத் தலையாட்டியவர்கள் என்று பொதுப்படப் பேசுவது நம்மிடையே வழக்கம். இந்த ஒரு கையெழுத்தையாவது விதிவிலக்காக எண்ண வேண்டும். பெருந்தொகுதியான அந்த விவகாரத்தில் நமக்குப் பின்வந்தோர் நடைமுறைக்குக் கொண்டுவந்த கருத்து அவருடையதே.

அது நடைமுறைக்கு வர ஏறக்குறைய இருபதாண்டுகள் கழிந்தன. 1920இல் உயர் போலீஸ் பணி இந்தியர்க்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் பரீட்சை இரு நாட்டிலும் நடந்தது. அக்காலத்தில் லண்டனில் அதனை எழுதியோர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டனர் என்பதை எரிக் பிளேர் என்பவரின் வரலாற்றால் நாம் அறிகிறோம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரால் உலகறிந்த எழுத்தாளர் அவரே. அவர் பிறந்தது 1903இல், பீகாரில் உள்ள மோதிஹாரியில். கைரேகைக் கணிதம் கண்ட அஸீஸுல் ஹக் தம் இறுதிக்காலத்தில் குடியிருந்ததும் அவ்வூரே என்பது ஒரு தற்செயல். ஈட்டன் பள்ளியை விட்டபின் பிளேர், சௌத்வோல்டு என்னும் கடற்கரையூரில், பரீட்சைக்கென்றே மாணவரைத் தயார் செய்யும் தனிப்பயிற்சிக்கூடம் ஒன்றில் சில மாதங்கள் பயின்றார். இன்று நம் நகரங்களில் தெருவுக்குத் தெரு காணும் பயிற்சி நிலையங்களுக்கு இதுவும் ஒரு மூதாதை. 1922இல் பரீட்சை எழுதித் தேறிய 26 பேருள் ஏழாவது இடம் பெற்றார். அதன்மேல் குதிரையேற்றப் பரீட்சை இருந்தது. அதில் அவர் பெற்ற எண்கள் மெச்சத்தக்கனவாக இல்லை. லத்தீனும் பிரெஞ்சும் குதிரையும் அறிந்தவன் ஒரு ஜில்லாவை அடக்கி ஆள்வான் என்பது அந்நாளைய நம்பிக்கை; மக்களின் மொழியைப் பதவி பெற்ற பின் கற்றுக்கொண்டால் போதும். அக்காலத்தில் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவுக்குச் சென்று, மாந்தலே பயிற்சிப் பள்ளியில் பர்மிய மொழியும் சட்டமும் பயின்ற பிளேர், 1927இல் விடுமுறையில் தாயகம் சென்று பதவியைத் துறந்தார். தேர்வு முறை எத்தனை படிகளை வைத்தாலும், அந்த மனிதருக்கு அந்தப் பணி பிடிக்குமா என்பதை மட்டும் அதனால் அளக்க இயலவில்லை.

1924இல் லீ கமிஷன் ஒரு கணக்கை வகுத்தது. உயர் போலீஸ் பணியில் ஐந்து ஐரோப்பியர்க்கு மூன்று இந்தியரை நேரே எடுப்பது, இருவரை மாகாணப் பணியிலிருந்து உயர்த்துவது. இப்படிச் செய்தால் 25 ஆண்டுகளில், அதாவது 1949இல், இரு சாராரும் சரிபாதியாவர். 1931வரை சூப்பரின்டென்டெண்டு பதவிகளில் ஐந்தில் ஒன்றே இந்தியர்க்குக் கிடைத்திருந்தது. 1949 பிறப்பதற்குள் கணக்குப் போட்டவர்களே கப்பலேறிவிட்டார்கள்.

மேல்வாயிலைப் பற்றிய இந்த வழக்கில் கீழ்வாயில் பெரும்பாலும் மறக்கப்பட்டது. போலீஸாரில் மிகப் பெரும்பாலோர் கான்ஸ்டபிள்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கையில் உயரத்தோடு சாதியும் பார்க்கப்பட்டது. தீண்டாதோர் எனப்பட்டவர்களுக்கு அவ்வாயில் பல இடங்களில் அடைபட்டே இருந்தது. 1928இல் சைமன் கமிஷனுக்கு டாக்டர் அம்பேத்கர் அளித்த கோரிக்கைகளுள், தரைப்படையிலும் கடற்படையிலும் போலீஸிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிச் சேரும் உரிமை வேண்டும் என்பதும் ஒன்று. சட்டசபை இடங்களைக் கேட்ட அதே மூச்சில் அவர் கான்ஸ்டபிள் வேலையையும் கேட்டதன் பொருளைக் கிராமத்தில் வாழ்ந்தவர் அறிவர். புகார் கொடுக்கப் போகிறவன், தன்னைத் திண்ணையில் ஏறவிடாதவனையே ஸ்டேஷனிலும் காண்பதென்றால், அவன் எதற்குப் போவான்?

பெண்களுக்கு வாயில் இன்னும் மெதுவாகத் திறந்தது. திருவிதாங்கூரில் 1933இல் பெண்கள் போலீஸில் சேர்க்கப்பட்டனர். 1938இல் கான்பூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போதும் பெண் போலீஸாரை அமர்த்தினார்கள். இந்தியப் போலீஸ் பணியில் முதற் பெண்மணியாகக் கிரண் பேடி சேர்ந்தது 1972இல்.

விடுதலைக்குச் சற்று முன்னர், 1946 அக்டோபரில், சர்தார் படேல் கூட்டிய மாகாணப் பிரதமர்கள் மகாநாட்டில் புதிய அகில இந்தியப் பணிகளுக்கு இசைவு பெறப்பட்டது. 1948 செப்டம்பரில் அபு மலையில் மத்தியப் போலீஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. 1975இல் அது ஐதராபாத்துக்கு மாறியது. பரீட்சை எல்லார்க்கும் பொதுவாயிற்று. எனினும் பழைய எண்ணம் ஒன்று தங்கிவிட்டது. பல்லாண்டு வரை ஐ.ஏ.எஸ்.ஸை நாடுவோர் மூன்று விருப்பப் பாடங்களும் அவற்றுக்குமேல் உயர்தரத்தில் இரண்டு பாடங்களும் எழுத வேண்டியிருக்க, ஐ.பி.எஸ்.ஸை மட்டும் நாடுவோர்க்கு இரண்டே பாடங்கள் போதுமெனக் கருதப்பட்டது. போலீஸ்காரனுக்கு அவ்வளவு படிப்பு எதற்கு என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, பாடத்திட்டம் சொல்லிற்று. 1979இல் புதிய முறை வந்தபோதுதான் இந்த வேற்றுமை நீங்கியது.

இன்று விண்ணப்பம் செய்ய யாரையும் தடுப்பாரில்லை; வாயிலில் கூட்டமே தடையாகிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் 60,244 கான்ஸ்டபிள் பதவிகளுக்கு ஏறக்குறைய 48 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2024 பிப்ரவரியில் நடந்த எழுத்துப் பரீட்சையின் வினாத்தாள் முன்னரே வெளியானதால் பரீட்சை ரத்தாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் ஐந்து நாட்களாகப் பிரித்து மறுபடி நடத்தினார்கள். அதே ஆண்டில் ஜார்க்கண்டில் கலால் கான்ஸ்டபிள் வேலைக்கான தேகத் தேர்வில், 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்ட இளைஞர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாராயக் கடையைச் சோதனையிடும் வேலைக்கு இத்தனை தூரம் எதற்கு என்ற கேள்வி அதன் பின்னரே எழுந்தது.

தமிழ்நாட்டில் பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களே அத்தாளில் இருந்தன, விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. பயிற்சி முடித்து, 2017இல் தர்மபுரி மாவட்டத்தில் அவர் பணியேற்றார்.