ஓபீரைத் தேடுவோர் கடாரத்தையும் காண்க



சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்கிறது விவிலியத்தின் பழைய ஏற்பாடு. அங்கே மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யே என்றார் கால்டுவெல். அறிஞர் அனைவரும் அதனை ஏற்றாரல்லர். அம்மன்னனுக்குப் பொன் தந்த ஓபீர் எங்கிருந்தது என்பதும் இன்றுவரை முடிவாகவில்லை. ஐரோப்பியரோ நம் நாட்டு லேடாங் மலைக்கு ‘ஓபீர் மலை’ என்றே பெயர் சூட்டிவிட்டனர்! பெயர் உண்டு, சான்று இல்லை.

சான்றுள்ள பழம்பதி நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. பாயான் லெப்பாசிலிருந்து பாலம் கடந்து, சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் சென்றால் பூஜாங் பள்ளத்தாக்கு. இதுவே கடாரம். ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு வங்கக் கடலைக் கடந்த வணிகர்கள் இங்கே இறங்கினர். பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரைத்தார். 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை இதனை வென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

1936-37-இல் குவாரிச் வேல்ஸ் இங்கு அகழாய்ந்து இடிபாடுகளுக்கு எண்ணிட்டார். எட்டாம் எண் கோயில் புக்கிட் பத்து பகாட்டில், ஓடைக்கரையில் 1960-இல் மீட்டமைக்கப்பட்டது. கருங்கல் அடித்தளமும் தூண் நட்ட கல்லடிகளும் எஞ்சியுள்ளன; மரத்தூண்களும் கூரையும் மக்கிவிட்டன. விமானம், மண்டபம் என்னும் அமைப்பை மாணவர் தாமே கண்டுகொள்வர். அருகில் அருங்காட்சியகமும் உண்டு.

பதினோராம் எண் கோயிலைக் காட்ட இயலாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விடம், வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியாயிற்று. ஓபீருக்காக மலைகளுக்குப் பெயர் மாற்றிய உலகில், கண்முன் நின்ற கோயிலுக்கு வேலிகூட இல்லாமற் போயிற்று. அச்செய்தியை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “அங்கே யாருமே இல்லையா, ஐயா?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டு மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டு நமக்கு எதிர்க்கரையான செபெராங் பிறையில் 1834-இல் கிடைத்தது. அதைக் காணவேண்டுமானால் கொல்கத்தா செல்லவேண்டும். மெர்போக்கிற்கு ஒரு சனிக்கிழமை போதும்.