பல் நிரப்பியும் தாவர நாரும்: ஒரு வரலாற்று நோக்கு

மண்சுவர் வெடியாதிருக்க வைக்கோலைச் சேற்றுடன் சேர்த்து மிதித்துக் குழைப்பது நம் கிராமங்களின் நெடுங்கால வழக்கமாகும். வெடிப்பு ஒன்று பரவ முற்படும்போது குறுக்கே கிடக்கும் நார் அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. குடிசைச் சுவருக்குரிய இந்நியதியே இன்று பற்குழியை அடைக்கும் பொருள்களிலும் பரிசோதிக்கப்படுகின்றது. இது திடீரெனத் தோன்றிய புதுமையன்று.

மேனாட்டுப் பல் மருத்துவம் தாவரப் பொருள்களை முன்னரே ஏற்றுக்கொண்டது. மலாயாக் காட்டு மரப்பாலாகிய கட்டாபேர்ச்சா 1843இல் வில்லியம் மொன்ட்கோமரியினால் இலண்டனுக்கு அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளுள் பல் நிரப்பியாயிற்று. பல்வேரின் உட்குழலை அடைக்க இன்றும் பயன்படுகின்றது. கண்டி மாவட்டத்திலும் விளையும் கராம்பின் எண்ணெயிலுள்ள இயூஜினோல், நாகவொட்சைட்டுடன் கலந்து தற்காலிகச் சீமெந்தாயிற்று. 1923இல் அமெரிக்கரான வார்ட் முரசுச் சிகிச்சைக்கென அறிமுகப்படுத்திய பசையில் உறுதிக்காகக் கல்நார் சேர்க்கப்பட்டது. கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது தெளிவானபின் அது கைவிடப்பட்டது. பருத்தி நார் கலந்த பசைகளும் வழக்கிலிருந்தன.

1972இல் வில்சன், கென்ட் என்னும் ஆங்கில ஆய்வாளர் கண்ணாடி அயனோமர்ச் சீமெந்தை உலகுக்கு அறிவித்தனர். பல்லோடு தானே பிணைந்து புளோரைட்டை வெளியிடுவது அதன் சிறப்பு. 1980களில் தன்சானியாவில் மின்சாரமின்றிக் கைக்கருவிகளால் மட்டும் குழியைச் சுத்தஞ்செய்து நிரப்பும் முறை உருவாயிற்று; பின்னர் இச்சீமெந்தே அதற்கு உறுதுணையாயிற்று. ஆயினும் மெல்லும் விசையில் எளிதில் உடைவது இதன் குறை. இக்குறையை நீக்கவே பிரேசில் நாட்டு ஆய்வாளர் யூக்கலிப்டசு மரத்தின் செலுலோசு நாரை இதனுடன் கலந்து ஆராய்ந்தனர். வலிமை கூடிய போதிலும், செலுலோசு நீரை உறிஞ்சும் இயல்புடையதாதலின், அளவு மீறின் பயன் கெடும்.

இவ்வாராய்ச்சி நமக்கு எவ்வாற்றான் உரியது? கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்தது ஹுன்னஸ்கிரிய. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் நாட்சம்பளத்தில் வாழும் தொழிலாளி, பல் வைத்தியத்துக்கென ஒருநாள் நகருக்குச் சென்றால் அந்நாளின் ஊதியத்தை இழப்பார். நிரப்பி உடையுமாயின் இழப்பு இரட்டிக்கும். அந்நிலையில், காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கிவிடுவதே மலிவான தீர்வாகத் தோன்றும். மேலும், மலிவும் உறுதியும் வாய்ந்த இரசக்கலவை நிரப்பியைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை வேண்டுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதனைப் பெரும்பாலும் விலக்கியுள்ளது. அதற்கு மாற்றாகும் பிசின் நிரப்பியை இறுக்க ஒளிக்கருவி வேண்டும். எனவே, மின்சாரம் வேண்டாத சீமெந்தை உறுதியாக்குவது ஆய்வுகூட ஆர்வத்துடன் முடிந்துவிடும் செய்தியன்று.

1943இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி பின்னர்ப் பேராதனைக்குப் பெயர்ந்தது. பேராதனைக்கு அண்மையில், தும்பறைப் பள்ளத்தாக்கின் ஹேனாவலையில், ஹண நாரால் பாய் நெய்யும் மரபு உண்டு. அந்நாரை அப்படியே பல்லில் இடுதல் இயலாது. தூய்மையாக்கி, நுண்ணிதாக்கி, வாயின் ஈரத்திலும் அது நிலைக்குமா என நெடிது சோதித்தல் வேண்டும். ஆனால் சோதிக்கத் தக்க நாரும், சோதிக்கவல்ல அறிவும், அதனை வேண்டிநிற்கும் மக்களும் ஒரே மாவட்டத்தில் உள்ளனர். நிரப்பியின் வலிமை, மருத்துவமனைக்கு மிகத் தொலைவில் வாழ்பவருக்கே மிகுதியும் வேண்டப்படுவது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.